ரத்தப் புற்றுநோய் மாத்திரைகள்: எத்தனை காலம் சாப்பிட வேண்டும்?

ரத்தப் புற்றுநோய்க்கு வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் எழுதிய கடிதங்கள் சில மாதங்களாகச் சேர்ந்துகொண்டே வருகின்றன. நோயின் பெயரும் மருந்தின் பெயரும் வேறுபட்டாலும், "இதை எப்போது நிறுத்தலாம்?" என்ற ஒரே கவலைதான் பெரும்பாலான கடிதங்களில் இருக்கிறது. எனவே இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். இங்கே நான் சொல்பவை பொதுவான விளக்கங்கள். உங்கள் பரிசோதனை அறிக்கைகளை முழுவதுமாகப் பார்த்த மருத்துவரின் முடிவுக்கு இவை மாற்றாகா.

கேள்வி: எனக்கு வயது 46. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு சி.எம்.எல். என்று கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து தினமும் 400 மில்லிகிராம் இமாடினிப் சாப்பிடுகிறேன். கடந்த மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு பரிசோதனையிலும் நோயின் அளவு 0.01 சதவீதத்துக்குக் கீழேயே இருக்கிறது. தொடக்கத்தில் "ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும்" என்றார்கள். இப்போது அதே மருத்துவர் "நிறுத்திப் பார்க்கலாம்" என்கிறார். இரண்டில் எதை நம்புவது?

பதில்: இரண்டையுமே நம்பலாம். அன்று உங்களுக்குச் சொன்னது பொறுப்பான அறிவுரை. இன்று சொல்வது, நீங்கள் எட்டியிருக்கும் நிலையைப் பார்த்துச் சொல்வது.

சி.எம்.எல். எனப்படும் நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில், நோயுற்ற செல்களுக்குள் வழக்கத்தைவிடச் சிறிய ஒரு குரோமோசோம் இருப்பதை 1960ஆம் ஆண்டில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் கண்டார்கள். 9, 22 என்ற எண்களைக் கொண்ட இரு குரோமோசோம்கள் தங்கள் முனைகளை மாற்றிக்கொள்வதால்தான் அது உருவாகிறது என்பதை 1973இல் ஜேனட் ரௌலி நிறுவினார். அந்த மாற்றத்தால் பிசிஆர்-ஏபிஎல் என்ற கலப்பு மரபணு பிறக்கிறது. பரிசோதனையில் 'நோயின் அளவு' என்று சதவீதத்தில் சொல்வது இந்த மரபணுவின் அளவைத்தான். அது உண்டாக்கும் புரதம், ஓய்வே இல்லாமல் செல்லைப் பெருகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தப் புரதம் தனக்கு வேண்டிய ஆற்றலைப் பெறும் இடத்தில் போய் உட்கார்ந்து அதன் வேலையைத் தடுப்பதுதான் இமாடினிப். 2001ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பு இந்த நோய்க்குப் பெரும்பாலும் இன்டர்ஃபெரான் ஊசியும், தகுந்த கொடையாளி கிடைத்தவர்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுமே வழியாக இருந்தன. இமாடினிப்பை முதன்முதலாகப் பெரிய அளவில் ஒப்பிட்ட ஆய்வில் அந்த மாத்திரையுடன் சிகிச்சையைத் தொடங்கியவர்களுள் சுமார் 83 சதவீதத்தினர் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிருடன் இருந்தார்கள். ரத்தவியல் மருத்துவத்தில் இதற்கு இணையான மாற்றத்தை நான் கண்டதில்லை.

அப்படியானால் ஏன் "ஆயுள் முழுவதும்" என்றார்கள்? எலும்பு மஜ்ஜையில் பெருகாமல் உறங்கிக் கிடக்கும் நோயுற்ற மூலச் செல்கள் சில உண்டு. அவை உயிர்வாழ அந்தப் புரதத்தைச் சார்ந்திருப்பதில்லை. ஆகவே மாத்திரை அவற்றை அழிப்பதில்லை. மாத்திரையை நிறுத்தினால் அவை விழித்துக்கொண்டு நோயைத் திரும்பக் கொண்டுவரும் என்பதே மருத்துவர்களின் எதிர்பார்ப்பாக இருந்தது.

பிரான்சில் நடந்த 'ஸ்டிம்' என்ற ஆய்வு இந்த எதிர்பார்ப்பைச் சோதித்தது. குறைந்தது இரண்டு ஆண்டுகளாக எந்தப் பரிசோதனையிலும் நோயின் தடயமே தென்படாத 100 பேர் அதில் இமாடினிப்பை நிறுத்தினார்கள். அவர்களுள் 61 பேருக்கு நோயின் தடயம் திரும்பியது. மற்றவர்கள் மாத்திரை இல்லாமலே ஆண்டுக்கணக்கில் நலமாக இருந்தார்கள். நோய் திரும்பியவர்களில் பெரும்பாலானோருக்கு அது முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே திரும்பிவிட்டது என்பதும், மாத்திரையை மீண்டும் தொடங்கியதும் அடங்கியது என்பதும் அந்த ஆய்வின் மிக முக்கியமான செய்திகள். பின்னர் ஐரோப்பிய நாடுகளில் 700க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த 'யூரோ-ஸ்கி' ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஏறக்குறைய பாதிப் பேர் மாத்திரை இல்லாமல் நோயற்ற நிலையில் இருந்தார்கள். நிறுத்துவதற்கு முன்பு மாத்திரை சாப்பிட்ட காலம் எவ்வளவு நீண்டதோ, அவ்வளவுக்கு வாய்ப்பும் கூடியது. அந்த ஆய்வில் சுமார் ஆறு ஆண்டுகளைத் தாண்டியவர்களுக்குப் பலன் தெளிவாகவே அதிகமாக இருந்தது.

உறங்கும் செல்கள் மிச்சமிருந்தும் சிலருக்கு நோய் திரும்பாததற்கு உடலின் எதிர்ப்பாற்றல் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. நிறுத்தும் வேளையில் ரத்தத்தில் என்.கே. செல்கள் என்ற பாதுகாப்பு அணுக்கள் அதிகமாக இருந்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்ததைச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன.

இனி உங்கள் நிலைக்கு வருவோம். நிறுத்திப் பார்க்கச் சில நிபந்தனைகள் உண்டு: நோய் எப்போதும் நாள்பட்ட நிலையிலேயே இருந்திருக்க வேண்டும், முற்றிய கட்டத்துக்குப் போயிருக்கக் கூடாது, இமாடினிப் என்றால் ஐந்து ஆண்டுகளாவது சாப்பிட்டிருப்பது விரும்பத்தக்கது, 0.01 சதவீதமோ அதற்கும் குறைவோ ஆன அளவு இரண்டு ஆண்டுகளுக்குமேல் தொடர்ச்சியாக நிலைத்திருக்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இவையெல்லாம் பொருந்துகின்றன. இவற்றுக்கு நிகராக நான் வலியுறுத்துவது இன்னொன்று: நம்பகமான ஆய்வகத்தில், முதல் ஆறு மாதங்களுக்கு மாதம் ஒருமுறையும், அடுத்த ஆறு மாதங்களுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறையும், அதன் பிறகு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் பரிசோதனை செய்து, முடிவைக் காலம் தாழ்த்தாமல் பெறும் வசதி உங்களுக்கு இருக்க வேண்டும். அளவு 0.1 சதவீதத்தைத் தாண்டினால் மாத்திரையை உடனே மீண்டும் தொடங்க வேண்டும். இந்தக் கண்காணிப்புக்கு வழியில்லாதவர் நிறுத்தாமலிருப்பதே பாதுகாப்பு. மருத்துவரிடம் சொல்லாமல் தாமாக நிறுத்திவிட்டு, ஓராண்டு கழித்து வெள்ளணுக்கள் எகிறிய பிறகு வருகிறவர்களை நினைத்துத்தான் இதை இத்தனை அழுத்தமாகச் சொல்கிறேன்.

ஒரே நாளில் நிறுத்தத் தயக்கமாக இருந்தால், முதலில் அளவைக் குறைத்துப் பார்க்கும் முறையும் உண்டு. பிரிட்டனில் நடந்த 'டெஸ்டினி' ஆய்வில் ஓராண்டு பாதி அளவு மாத்திரை கொடுத்து, அதன் பிறகு நிறுத்தினார்கள். ஆழமான கட்டுப்பாட்டில் இருந்தவர்களுள் நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான் அந்தப் பாதி அளவு ஆண்டில் நோயின் அளவு கூடியது. நிறுத்திய பிறகும் அந்தக் குழுவில் பெரும்பாலானோர் நன்றாகவே இருந்தார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும்: தொந்தரவு இல்லாமல் மாத்திரை ஒத்துக்கொள்கிறது, நிறுத்தி மாதாமாதம் முடிவுக்காகக் காத்திருக்கும் பதற்றம் வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால், தொடர்வதும் சரியான முடிவுதான். யாரும் உங்களை அவசரப்படுத்த வேண்டியதில்லை.

கேள்வி: சி.எம்.எல். நோய்க்கு எட்டு ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்டு, மருத்துவரின் ஆலோசனைப்படி நிறுத்தி ஐந்து வாரங்கள் ஆகின்றன. தோள்பட்டை, இடுப்பு, முழங்கால் எல்லாம் கடுமையாக வலிக்கின்றன. நோய் திரும்பிவிட்டதோ என்ற பயத்தில் உறக்கமே வரவில்லை.

பதில்: இந்த மாத்திரைகளை நிறுத்துகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினருக்கு இப்படித் தசைகளிலும் மூட்டுகளிலும் வலி வருகிறது. நிறுத்திய சில வாரங்களுக்குள் தொடங்கி, பெரும்பாலும் சில மாதங்களில் தானாகக் குறைந்துவிடும். இந்த வலி இருப்பதால் நோய் திரும்பிவிட்டது என்று பொருளாகாது. நோய் திரும்பியிருக்கிறதா என்பதைப் பிசிஆர்-ஏபிஎல் அளவு மட்டுமே சொல்லும். மாதாந்தரப் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ளுங்கள். வலிக்குச் சாதாரண வலிநிவாரணிகள் பெரும்பாலோருக்குப் போதும். உங்கள் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் எது ஏற்றது என்பதை மருத்துவரிடம் கேட்டுச் சாப்பிடுங்கள். வலி தாங்க முடியாத அளவுக்குப் போய், அதற்காகவே மாத்திரையை மீண்டும் தொடங்கியவர்களும் இருக்கிறார்கள். அது அரிது. நிறுத்துவதற்கு முன்பே இதைச் சொல்லிவைத்திருந்தால் உங்களுக்கு இத்தனை பயம் வந்திருக்காது என்பதே என் வருத்தம்.

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. சி.எல்.எல். (நாள்பட்ட லிம்போசைட்டிக் ரத்தப் புற்றுநோய்) நோய்க்கு இப்போது சிகிச்சை தொடங்க வேண்டிய கட்டம் வந்திருக்கிறது. ஒரு மருத்துவர், நோய் கட்டுக்குள் இருக்கும்வரை தினமும் சாப்பிட வேண்டிய மாத்திரையைப் பரிந்துரைக்கிறார். இன்னொருவர், ஓராண்டில் முடிந்துவிடும் சிகிச்சை இருக்கிறது என்கிறார். ஓராண்டில் முடிவது என்றால் அதைத்தானே தேர்ந்தெடுக்க வேண்டும்?

பதில்: கேட்டவுடன் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் இந்த இரு மருந்துகளும் வேலை செய்யும் விதமே வேறு. காலக் கணக்கு வேறுபடுவதும் அதனால்தான்.

முதல் வகை மருந்துகள் பி.டி.கே. என்ற புரதத்தைத் தடுப்பவை. இப்ருடினிப், அகாலாப்ருடினிப், ஜானுப்ருடினிப் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. சி.எல்.எல். நோய்க்கு இப்ருடினிப் 2014இல் அனுமதி பெற்றது. நோயுற்ற லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் நிணநீர்க் கணுக்களில் தங்கி உயிர்வாழ வேண்டிய தூண்டுதலை இவை துண்டிக்கின்றன. செல்கள் மெல்ல மெல்லத்தான் குறையும். தடயமே இல்லாமல் துடைத்தெடுப்பது இந்த மருந்தைத் தனியாகக் கொடுக்கும்போது அபூர்வம். ஆகவே இதற்கு முடிவுத் தேதி குறிப்பதில்லை. நோய் கட்டை மீறும்வரை, அல்லது பக்கவிளைவு தாங்க முடியாமல் போகும்வரை தொடர்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இப்ருடினிப்பை முதல் சிகிச்சையாகக் கொடுத்த ஆய்வில், நோய் முன்னேறாமல் இருந்த காலத்தின் இடைநிலை அளவு (பாதிப் பேருக்கு அதைவிட அதிகம், பாதிப் பேருக்குக் குறைவு) ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள். பத்து ஆண்டுகள் வரை நீண்ட அந்த ஆய்வின் முடிவில், நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோர் அதே மாத்திரையைத் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். மற்றவர்களில் பலர் பக்கவிளைவுகளால் நிறுத்தியவர்கள் என்பதையும் சேர்த்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

இரண்டாவது வகை வெனடோகிளாக்ஸ். புற்றுச் செல்கள் தாம் சாக வேண்டிய நேரத்திலும் சாகாமல் தப்பிக்க பி.சி.எல்.-2 என்ற புரதத்தைக் கவசமாக வைத்திருக்கின்றன. வெனடோகிளாக்ஸ் அதை முடக்குவதால் அந்தச் செல்கள் விரைவாகச் சாகின்றன. இதனுடன் ஒபினுடுசுமாப் என்ற ஊசி மருந்தை முதல் ஆறு சுழற்சிகளுக்குச் சேர்த்துக் கொடுக்கும்போது, மிக நுண்ணிய பரிசோதனையிலும் நோய் தென்படாத நிலையைப் பலர் எட்டுகிறார்கள். எட்டிய பிறகு மாத்திரையை நிறுத்திவிடலாம் என்பதால், 28 நாட்கள் கொண்ட 12 சுழற்சிகளோடு சிகிச்சை முடிகிறது. நோய் திரும்பி வந்தவர்களுக்கு ரிட்டுக்சிமாப் ஊசியுடன் கொடுக்கும்போது இந்த மாத்திரையை இரண்டு ஆண்டுகள் சாப்பிடச் சொல்வது வழக்கம். இப்ருடினிப்பையும் வெனடோகிளாக்ஸையும் சேர்த்து, ஊசியே இல்லாமல் 15 சுழற்சிகளில் முடிக்கும் முறையும் இப்போது சில நாடுகளில் வழக்கத்துக்கு வந்திருக்கிறது.

ஓராண்டில் முடிகிறது என்பதற்கு நோய் அதோடு தீர்ந்தது என்று பொருள் இல்லை. ஒபினுடுசுமாப்புடன் கொடுத்த முக்கிய ஆய்வில், நோய் முன்னேறாத காலத்தின் இடைநிலை அளவு ஆறு ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். டி.பி.53 என்ற மரபணு பழுதாகியிருந்தவர்களுக்கு அது நான்கு ஆண்டுகளை ஒட்டியே இருந்தது. அதனால்தான் அந்த மரபணு மாற்றம் உள்ளவர்களுக்குத் தொடர்ந்து சாப்பிடும் மாத்திரையையே பல மருத்துவர்கள் விரும்புகிறார்கள். அம்மாவுக்கு இந்தப் பரிசோதனை செய்தார்களா என்று முதலில் கேளுங்கள். அந்த முடிவு கையில் இல்லாமல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சரியல்ல.

அடுத்து, இதயமும் சிறுநீரகமும். ஏற்கெனவே இதயத் துடிப்பு சீராக இல்லாதவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் இப்ருடினிப் தொல்லை தரக்கூடும். அதன் பின்வந்த இரு மருந்துகளில் துடிப்புக் கோளாறு குறைவு. வெனடோகிளாக்ஸைப் பொறுத்தவரை முதல் ஐந்து வாரங்கள்தான் கடினம். ஏராளமான செல்கள் ஒரே நேரத்தில் சிதைந்து, அவற்றின் உள்ளடக்கம் ரத்தத்தில் கொட்டிச் சிறுநீரகத்தைத் தாக்காமலிருக்க, 20 மில்லிகிராமில் தொடங்கி 50, 100, 200 என்று வாரம் ஒரு படியாக ஏற்றி ஐந்தாவது வாரத்தில் 400 மில்லிகிராமை எட்டுவார்கள். அந்த வாரங்களில் நிறைய தண்ணீர் குடிக்க வேண்டும்; ரத்தப் பரிசோதனைக்காக அடிக்கடி மருத்துவமனைக்குப் போக வேண்டும்; சிலர் உள்நோயாளியாகவும் தங்க வேண்டியிருக்கும். அம்மாவை அழைத்துச் செல்ல ஆள் இருக்கிறதா, சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்பவையும் இந்தத் தேர்வில் இடம்பெற வேண்டும்.

இவையெல்லாம் சமமாக இருந்தால், என் தனிப்பட்ட விருப்பம் காலவரையறை உள்ள சிகிச்சையின் பக்கம்தான் சாயும். மாத்திரை இல்லாத ஆண்டுகளில் பக்கவிளைவும் இல்லை. பிறகு நோய் திரும்பினாலும் அதே மருந்து பலருக்கு மீண்டும் வேலை செய்கிறது. இடைவிடாமல் கொடுக்கும்போது மருந்துக்கு அடங்காத செல்கள் உருவாவது போல இதில் எளிதாக உருவாவதில்லை. ஆனால் தினம் ஒருமுறையோ இருமுறையோ மாத்திரை போட்டுக்கொண்டு, மருத்துவமனைப் பக்கம் அதிகம் போகாமல் இருப்பதே நிம்மதி என்று அம்மா நினைத்தால், அந்த விருப்பத்துக்கு மதிப்புக் கொடுங்கள். சாப்பிடப் போகிறவர் அவர்.

கேள்வி: ஐந்து ஆண்டுகளாக இமாடினிப் சாப்பிடுகிறேன். எல்லாம் சரியாக இருப்பதால் மாதத்தில் மூன்று நான்கு நாட்கள் மறந்துபோவதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மறந்த மாத்திரையை மறுநாள் சேர்த்துச் சாப்பிடலாமா?

பதில்: சேர்த்துச் சாப்பிடக் கூடாது. மறந்ததை விட்டுவிட்டு, அடுத்த வேளைக்கு உரியதை மட்டும் சாப்பிடுங்கள்.

மூன்று நான்கு நாட்கள் என்பது சிறிய எண்ணிக்கையாகத் தெரிகிறது. லண்டனில் பல ஆண்டுகளாக இமாடினிப் சாப்பிட்டுவந்த 87 பேரிடம், மாத்திரைப் புட்டியின் மூடிக்குள் மின்னணுக் கருவி ஒன்றை வைத்து, மூடி எப்போதெல்லாம் திறக்கப்பட்டது என்பதை மூன்று மாதங்கள் பதிவுசெய்தார்கள். பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ மாத்திரையைத் தவறவிட்டவர்களில், நோயின் அளவு 0.1 சதவீதத்துக்குக் குறையும் வாய்ப்பு ஆறாண்டுக் கணக்கில் 28 சதவீதம்தான். ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு அது 94 சதவீதத்துக்கும் மேல். பத்தில் ஒரு பங்கு என்றால் மாதத்துக்கு மூன்று மாத்திரைகள். நீங்கள் அந்த எல்லையில்தான் நிற்கிறீர்கள். பின்னொரு நாள் நிறுத்துவதைப் பற்றி யோசிக்க விரும்பினாலும், அந்தத் தகுதியை இன்று ஒழுங்காகச் சாப்பிடுவதன் மூலமே சம்பாதிக்க முடியும்.

மறந்துபோவதற்குப் பின்னால் பெரும்பாலும் ஏதோ ஒரு தொல்லை ஒளிந்திருக்கிறது. குமட்டல், இரவில் கெண்டைக்கால் பிடிப்பு, கண்ணைச் சுற்றி வீக்கம், தீராத சோர்வு என்று எதுவாக இருந்தாலும் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இமாடினிப்பை உணவோடும் ஒரு பெரிய குவளைத் தண்ணீரோடும் சாப்பிட்டால் குமட்டல் குறையும். அப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால் அளவைக் குறைக்கலாம், அல்லது டாசாடினிப், நிலோடினிப், போசுடினிப் போன்ற வேறு மாத்திரைக்கு மாறலாம். அவற்றுக்கும் தனித்தனி விதிகள் உண்டு. எடுத்துக்காட்டாக, நிலோடினிப் சாப்பிடுவதற்கு முன்பு இரண்டு மணி நேரமும் பிறகு ஒரு மணி நேரமும் எதுவும் உண்ணக் கூடாது. அமிலச் சுரப்பைக் குறைக்கும் வயிற்று மாத்திரைகள் டாசாடினிப்பின் பலனைக் குறைத்துவிடும். கிரேப்ஃப்ரூட் பழமும் சாறும் இந்த மருந்துகள் பலவற்றின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: 74 வயதான என் தந்தைக்கு ஏ.எம்.எல். கடும் கீமோவைத் தாங்க மாட்டார் என்று, அசாசிடிடின் ஊசியும் வெனடோகிளாக்ஸ் மாத்திரையும் கொடுத்தார்கள். முதல் சுழற்சிக்குப் பிறகு எடுத்த எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் புற்றுச் செல்கள் இல்லை. ஆனாலும் சிகிச்சை தொடர்கிறது. மாத்திரை நாட்களை மட்டும் 28இலிருந்து 21 ஆகக் குறைத்திருக்கிறார்கள். சுழற்சிகளுக்கு இடையிலும் இடைவெளி விடுகிறார்கள். மருந்து போதாமல் போய்விடுமோ?

பதில்: உங்கள் மருத்துவர்கள் செய்வது முறையானது. மஜ்ஜையில் கண்ணுக்குத் தெரியும் புற்றுச் செல்கள் மறைந்த பிறகும், கண்ணுக்குப் படாத அளவில் அவை இருக்கத்தான் செய்கின்றன. ஏ.எம்.எல். எனப்படும் கடும் மைலாய்டு ரத்தப் புற்றுநோய் மிக வேகமானது என்பதால், இந்தக் கூட்டுச் சிகிச்சையை நோய் கட்டுக்குள் இருக்கும்வரை, உடல் தாங்கும்வரை தொடர்வதே இதன் அடிப்படை ஏற்பாடு. அதே மருந்து நல்ல ரத்த அணுக்களின் உற்பத்தியையும் அழுத்திவிடுகிறது. வெள்ளணுக்களும் தட்டணுக்களும் மீண்டு வர நேரம் கொடுக்காமல் அடுத்த சுழற்சியைத் தொடங்கினால், நோயைவிடத் தொற்றும் ரத்தக்கசிவும் ஆபத்தாகிவிடும். இடைவெளி விடுவதும் மாத்திரை நாட்களைக் குறைப்பதும் அதற்காகத்தான். பின்னர் 14 நாட்களாகக் குறைத்தாலும் திகைக்காதீர்கள். தந்தைக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை எட்டினால், விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பூஞ்சைத் தொற்றுக்கான சில மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும்போது வெனடோகிளாக்ஸின் அளவைப் பெரிதும் குறைக்க வேண்டியிருக்கும். ஆகவே வேறு மருத்துவர் எந்த மருந்தை எழுதினாலும் சாப்பிடும் மருந்துகளின் முழுப் பட்டியலைக் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்த இன்னொருவர் தம் நோய்க்கு வேறு கணக்கைச் சொன்னார்களே என்று குழம்பக் கூடும் என்பதால் இதையும் சேர்க்கிறேன். ஏ.எம்.எல். நோயிலேயே எஃப்.எல்.டி.3 மரபணு மாற்றம் உள்ள இளையவர்களுக்குக் கீமோவோடு மிடோஸ்டாரின் கொடுக்கும்போது, ஒவ்வொரு கீமோ சுழற்சியிலும் 8ஆம் நாள் முதல் 21ஆம் நாள் வரை மட்டும் மாத்திரை உண்டு. அதே மரபணு மாற்றத்துடன் நோய் திரும்பியவர்களுக்குக் கொடுக்கும் கில்டெரிடினிப்பை, பலன் மெதுவாகத் தெரியக் கூடும் என்பதால், நோய் வெளிப்படையாகப் பெருகாத வரை ஆறு மாதங்களாவது கொடுத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: எனக்கு 29 வயது. நான்கு ஆண்டுகளாகச் சி.எம்.எல். நோய்க்கு டாசாடினிப் சாப்பிடுகிறேன். குழந்தை பெற்றுக்கொள்ள விரும்புகிறோம். எங்களுக்கு அது சாத்தியமா?

பதில்: சாத்தியம்தான். ஆனால் திட்டமிட்டுத்தான் செய்ய வேண்டும். இந்த மாத்திரைகள் கருவில் வளரும் குழந்தையின் உறுப்புகளைப் பாதிக்கக் கூடியவை. குறிப்பாக முதல் மூன்று மாதங்களில். ஆகவே மாத்திரை சாப்பிடும் காலத்தில் கருத்தரிப்பைத் தவிர்த்திருங்கள். உங்கள் பிசிஆர்-ஏபிஎல் அளவு ஆழமாகக் குறைந்து இரண்டு ஆண்டுகளாவது நிலைத்திருந்தால், முதல் கேள்விக்குச் சொன்ன அதே கண்காணிப்போடு மாத்திரையை நிறுத்திவிட்டுக் கருத்தரிப்பதே சிறந்த வழி. நிறுத்தியபின் நோய் திரும்பாத பெண்கள் மருந்தே இல்லாமல் கருக்காலத்தைக் கடக்கிறார்கள். இடையில் அளவு கூடி, சிகிச்சை தவிர்க்க முடியாததாகிவிட்டால் இன்டர்ஃபெரான் ஊசி கொடுக்கலாம். அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையைப் பெரிதாக எட்டுவதில்லை. மாத்திரையை மீண்டும் தொடங்கினால் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது.

உங்கள் அளவு இன்னும் அந்த ஆழத்துக்குப் போகவில்லை என்றால் ஓரிரு ஆண்டுகள் பொறுப்பது நல்லது. 29 வயதில் அந்தக் காத்திருப்புக்கு இடம் இருக்கிறது. இதே கேள்வியை ஆண்களும் கேட்கிறார்கள்: இமாடினிப், டாசாடினிப், நிலோடினிப் சாப்பிடும் ஆண்கள் தந்தையாவதால் குழந்தைக்குக் குறைபாடுகள் கூடியதாகத் தெரியவில்லை, அதற்காக அவர்கள் மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை.

கேள்வி: எலும்பு மஜ்ஜை தழும்பேறி இறுகிப்போகும் மைலோஃபைப்ரோசிஸ் நோய்க்கு ருக்ஸோலிடினிப் சாப்பிடுகிறேன். மண்ணீரல் வீக்கம் நன்றாக வடிந்துவிட்டதால் நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன். சொல்லாமல் நிறுத்தினால் என்ன ஆகும்?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இந்த மாத்திரை நோயின் தொல்லைகளை அடக்கி வைத்திருக்கிறது. திடீரென நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள் மண்ணீரல் மீண்டும் வீங்கி, காய்ச்சலும் வியர்வையும் திரும்பலாம். சிலருக்கு மூச்சுத்திணறல், ரத்த அழுத்தம் சரிவது போன்ற உயிருக்கு ஆபத்தான நிலைகளும் வந்திருக்கின்றன. நிறுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் வாரத்துக்கு ஒரு படியாக அளவைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். வீட்டில் இருப்பு தீர்ந்துபோவதும் திடீர் நிறுத்தம்தான் என்பதால், கடைசி அட்டையைத் திறப்பதற்கு முன்பே அடுத்ததை வாங்கி வைத்துவிடுங்கள். ஆறு மாதங்கள் சாப்பிட்டும் மண்ணீரலோ தொல்லைகளோ குறையாதவர்களுக்குத்தான் இதை நிறுத்துவதைப் பற்றி மருத்துவர் யோசிப்பார். உங்களுக்கோ நன்றாகவே வேலை செய்கிறது.

கேள்வி: இப்ருடினிப் சாப்பிடுகிற என் கணவருக்கு இரண்டு பற்களைப் பிடுங்க வேண்டும் என்கிறார் பல் மருத்துவர். நோய்க்கான மாத்திரையை நடுவில் நிறுத்தலாமா?

பதில்: இங்கே சில நாட்கள் நிறுத்துவது பாதுகாப்புக்காக. இப்ருடினிப் தட்டணுக்களின் வேலையைக் குறைப்பதால் ரத்தம் எளிதில் நிற்காது. அறுவைச் சிகிச்சையின் அளவையும் ரத்தக்கசிவின் அபாயத்தையும் பொறுத்து, முன்னும் பின்னும் மூன்று முதல் ஏழு நாட்கள் மாத்திரையை நிறுத்திவைக்கச் சொல்வார்கள். எத்தனை நாட்கள் என்பதைப் பல் மருத்துவரும் ரத்தவியல் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். நிறுத்தும் தேதியையும் மீண்டும் தொடங்கும் தேதியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மீன் எண்ணெய் மாத்திரை போன்ற எதையாவது அவர் தாமாகச் சாப்பிட்டு வந்தால், அதையும் அப்போதே இருவரிடமும் சொல்லிவிடுங்கள்.